மலையகத்தில் ஒலிச் சவால்: வானொலித் தயாரிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு கருப்பொருளையும் சில கட்டுப்பாடுகளையும் கொடுத்து, குறுகிய காலத்துக்குள் ஒரு சிறு ஒலிச்சித்திரத்தைத் தயாரிக்கச் சொல்லும் பயிற்சியை ஒலிச் சவால் என்கிறோம். இலங்கை மலையகத்தின் நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் இப்பயிற்சியில் இறங்கும் தயாரிப்பாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம்.

ஒலிச் சவால் என்பது போட்டியா?

போட்டியாகவும் நடத்தலாம், நாலைந்து நண்பர்கள் கூடிச் செய்யும் பயிற்சியாகவும் வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே விதிகளுக்குள் வேலை செய்துவிட்டு, முடிவில் ஒருவர் செய்ததை மற்றவர் உட்கார்ந்து கேட்பதுதான் இதில் முக்கியம்.

கட்டுப்பாடு விதித்தால் படைப்பு சுருங்கிவிடாதா?

மலையகத்தைப் பற்றி நிகழ்ச்சி செய்யுங்கள் என்றவுடன் கைக்குத் தானாக வந்துவிடும் ஒரு வார்ப்பு நம்மிடம் இருக்கிறது. சோகமான புல்லாங்குழல், பசுமை போர்த்திய மலைகள் என்று தொடங்கும் அறிவிப்பாளரின் கனத்த குரல், நடுவில் ஒரு தொழிலாளப் பெண்ணின் இருபது விநாடிப் பேச்சு, பிறகு மறுபடியும் புல்லாங்குழல். இப்படிச் செய்த நிகழ்ச்சியில் அந்தப் பெண் என்ன சொன்னார் என்பது நினைவில் நிற்பதில்லை. அவரைப் பற்றி அறிவிப்பாளர் என்ன நினைக்கிறார் என்பதே கேட்பவரிடம் போய்ச் சேர்கிறது. கொழும்பில் 1925 டிசெம்பரில் வானொலிச் சேவை தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. இந்த நெடுங்காலத்தில் மலையகம் பெரும்பாலும் வானொலியைக் கேட்கும் இடமாகவும் வானொலியில் பிறரால் விவரிக்கப்படும் இடமாகவுமே இருந்திருக்கிறது என்பது என் எண்ணம். அறிவிப்பாளர் கூடாது, பின்னணி இசை கூடாது என்ற இரண்டே விதிகளைப் போட்டுப் பாருங்கள். அந்த வார்ப்பு அந்த இடத்திலேயே உடைந்துவிடும். கதையைச் சொல்லும் பொறுப்பு அங்கே வாழ்பவரின் குரலுக்கும் அங்கே கேட்கும் ஒலிகளுக்கும் போய்விடுகிறது.

கட்டுப்பாட்டுக்குள் வேலை செய்வது வானொலிக்குப் புதிதும் அன்று. பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பியர் ஷேஃபர், 1948ஆம் ஆண்டு பாரிஸ் ரயில் நிலையமொன்றில் பதிந்த என்ஜின், சக்கர ஒலிகளை மட்டுமே கொண்டு ஒரு படைப்பை உருவாக்கினார். ஒலிநாடாவை வெட்டி ஒட்டும் வசதி அவருக்கு அப்போது இருக்கவில்லை. இசைத்தட்டில் பதிந்தவற்றைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டே கோத்தார். நாவலப்பிட்டியிலிருந்து அட்டன், நானுஓயா வழியாகப் பதுளை வரை ஏறி இறங்கும் ரயிலின் ஒலியைக் காட்சி மாற்றத்துக்கு மட்டும் மூன்று விநாடி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற நாம், அந்த ஒலியை இதுவரை காது கொடுத்துக் கேட்டதேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் சவாலுக்கு எத்தகைய விதிகள் பொருத்தமானவை?

நீளம் ஐந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். அறிவிப்பாளர் இல்லை, பதிவிடத்தில் இயல்பாக ஒலித்த பாட்டைத் தவிர வேறு இசையும் இல்லை. முதல் அரை நிமிடத்துக்குள், இடத்தின் பெயரைச் சொல்லாமலே, நாம் எங்கே நிற்கிறோம் என்பது கேட்பவருக்கு ஓரளவு புலப்பட வேண்டும். தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.

பழகியவர்களுக்கு இன்னும் இறுக்கலாம். மைக்கை ஓரிடத்தில் ஊன்றிவிட்டு, அங்கே வந்துபோகும் ஒலிகளைக் கொண்டு மட்டுமே முழுப் படைப்பையும் செய்யச் சொல்லலாம். பாட்டியும் பேத்தியும் பேசிக்கொள்வதைத் தவிர வேறு குரல் வரக்கூடாது என்று வைக்கலாம். நான் மிகவும் விரும்புகிற விதி, தேயிலை என்ற சொல்லே ஐந்து நிமிடத்துக்குள் வரக்கூடாது என்பது. மலையகத் தமிழருள் ஓட்டோ ஓட்டுபவர்கள், நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்பவர்கள், ஆசிரியர்கள், கொழும்புக் கடைகளில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் திரும்பும் பிள்ளைகள், மத்திய கிழக்கிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும் தாய்மார் எனப் பலர் இருக்கிறார்கள். கொழுந்துக் கூடையைத் தாண்டி அவர்களிடம் போக இந்த விதி தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்துகிறது.

தோட்டத்தில் எந்த ஒலியைத் தேடிப் போவது?

நாளில் எந்த நேரத்தில் மனிதர்கள் ஒன்றுகூடுகிறார்கள் என்று பாருங்கள். காலைப் பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம்), தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளை விட்டுச் செல்லும் நேரம், மாலையில் கடைசி பஸ் வந்து நிற்கும் சந்தி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்த ஒலியமைப்பு உண்டு.

ஓர் இடத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கிறது. தராசின் கொக்கியில் சாக்கு விழுந்து கொக்கி கிரீச்சிடுகிறது; கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்கிறார்; அந்த எண்ணை ஒரு பெண் தனக்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொள்கிறார்; ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கிலோ கழிக்கப்படும்போது வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுகிறது; கொட்டப்பட்ட கொழுந்தைக் கைகள் வாரி உதறும் சரசரப்பு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மைக்கைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தால் எண்கள் துல்லியமாக விழும். அதே மைக்கை வரிசையின் நடுவில் வைத்தால், இன்று யாருக்கு எத்தனை கிலோ, யாருக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழும் என்று பெண்கள் தமக்குள் போடும் கணக்கு கேட்கும். ஒரே இடத்தில், இரண்டு அடி தள்ளி நின்றதால் இரண்டு வேறு கதைகள் கிடைக்கின்றன. எதைச் சொல்லப் போகிறோம் என்று தீர்மானித்த பிறகுதான் எங்கே நிற்பது என்று முடிவெடுக்க முடியும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மழையும் காற்றும் பதிவைக் கெடுத்துவிடுகின்றனவே?

மலையகத்தில் வேலை செய்பவருக்கு நாட்காட்டியைவிடப் பருவக்காற்று முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுகளில் கொட்டும். வட்டவளைப் பகுதியில் ஆண்டு மழை 5000 மில்லிமீட்டரையும் தாண்டுகிறது. அதே மாதங்களில் மலையைக் கடந்து, பதுளை இருக்கும் ஊவாப் பக்கம் இறங்கும் கச்சான் காற்று வறண்டு, பலமாக வீசும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை கிழக்குச் சரிவுகளுக்கு வரும். ஆகவே ஜூலையில் மேற்குச் சரிவிலுள்ள மஸ்கெலியாவில் செய்ய முடியாத வெளிப்புறப் பதிவைப் பதுளையில் செய்யலாம். ஆனால் அங்கே காற்றுக்கு மைக்கை மூட வேண்டும். மெல்லிய பஞ்சு உறை அந்தக் காற்றுக்குப் போதாது. மயிர் போன்ற இழைகள் கொண்ட உறை வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் முதுகைக் காற்றுக்குக் காட்டி, மைக்கை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் உறுமல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால், 80 அல்லது 100 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை வடிகட்டினால் பேச்சுக்குச் சேதமில்லாமல் ஓரளவு தப்பிக்கலாம்.

தகரக் கூரையில் விழும் மழை வேறு வகை. அது எல்லா அதிர்வெண்களிலும் பரவியிருப்பதால் எந்த வடிகட்டியும் அதைப் பேச்சிலிருந்து பிரிக்காது. இரைச்சல் நீக்கும் மென்பொருளைக் கடுமையாகப் பாவித்தால் பேசுபவர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும். மழை விடும்வரை பேச்சை நிறுத்தி வையுங்கள். அந்த நேரத்தில் மழையைத் தனியாக, நீளமாகப் பதிந்துகொள்ளுங்கள். ஒழுகும் இடத்தில் வைத்த பாத்திரத்தில் சொட்டு விழுவது, யாரோ அந்தப் பாத்திரத்தை நகர்த்துவது, இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) குடை மடக்கும் சத்தம் ஆகியவை வீட்டின் நிலையைப் பற்றிச் சொல்லும் செய்தியை எந்த அறிவிப்பாளரும் அதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

ஈரப்பதம் பற்றி ஓர் எச்சரிக்கை. குளிரிலிருந்து நேராகத் தொழிற்சாலையின் வாட்டும் மாடிக்குள் நுழைந்தால், அங்கேயுள்ள வெதுவெதுப்பான காற்றின் ஈரம் குளிர்ந்த மைக்கின் மேல் படியும். கருவியைப் பைக்குள் மூடியபடியே இருபது முப்பது நிமிடம் விட்டு வைத்த பிறகு திறவுங்கள். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் எப்போதும் கிடக்கட்டும்.

பள்ளத்தாக்கின் எதிரொலியை எப்படிப் பிடிப்பது?

ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. எதிரே 170 மீட்டர் தள்ளி ஒரு பாறைச் சரிவு இருந்தால், நீங்கள் கூவியது ஒரு விநாடி கழித்துத் திரும்பி வரும். கைதட்டிப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மைக்கைக் கூவுபவரின் முன்னால் வைத்தால் எதிரொலி அமுங்கிவிடும். அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து அடி தள்ளிச் சரிவை நோக்கி வையுங்கள். சூரியன் எழும்முன் பள்ளத்தில் குளிர்காற்று தங்கி, மேலே சற்று வெப்பமான காற்று இருக்கும்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் செல்லும். மூன்று மலைக்கு அப்பாலுள்ள கோயில் ஒலிபெருக்கியும் ரயிலின் ஊதலும் விடியற்காலையில் பக்கத்தில் கேட்பது இதனால்தான். தூரத்தை ஒலியால் காட்ட விரும்பினால் அந்த நேரத்தைத் தவறவிடக்கூடாது.

தொழிற்சாலை இரைச்சலுக்குள் பேட்டி எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். இயந்திரங்களைத் தனியாகவும் பேச்சை வெளியேயும் பதிந்து பிறகு சேருங்கள். மின்சாரத்தால் வரும் முணுமுணுப்பு இங்கே 50 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150 ஹேர்ட்ஸிலும் இருக்கும். அவற்றை மட்டும் குறுகலாக வெட்டலாம்.

தோட்டத்துக்குள் பதிய யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

தொழிற்சாலையிலும் வேலை நடக்கும் மலையிலும் பதிவதற்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வீட்டுக்குள் பதிவதற்கு வீட்டாரின் சம்மதம் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: துரை (தோட்ட நிர்வாகி) சரி சொல்லிவிட்டார் என்பதற்காகத் தொழிலாளி பேசியே ஆக வேண்டும் என்றில்லை. நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது கிடைக்கும் பேச்சு வேறு விதமாகத்தான் இருக்கும். அதைப் பதிவில் வைத்துக்கொள்வதாயிருந்தால், அவர் அங்கே நின்றார் என்பதும் கேட்பவருக்குத் தெரிய வேண்டும்.

வேலை நேரத்தில் ஒருவரை ஓரமாகக் கூப்பிட்டு அரைமணி நேரம் பேச வைத்தால் அவருடைய அன்றைய கொழுந்து குறையும். நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கிருக்கும் இடத்தில் அது அவருடைய சம்பளத்தில் போய் விழுகிறது. பேட்டியை வேலை முடிந்த பிறகு வையுங்கள். அதிலும் தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைக் கவனித்து முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.

லயத்துக் காம்பராவுக்குள் தனிமையாகப் பேச வைப்பது எப்படி?

பெரும்பாலும் முடியாது. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த தொழிலாளர் வீடுகள். அடுத்த காம்பராவின் தொலைக்காட்சி சுவரைத் தாண்டி இங்கே கேட்கிறது என்றால், இங்கே பேசுவது அங்கே கேட்கும் என்றும் பொருள். கடன், குடும்பச் சண்டை, மேற்பார்வையாளர் மீதான முறைப்பாடு போன்றவற்றை அங்கே கேட்பது அவரை ஆபத்தில் தள்ளக்கூடும். அவருக்குப் பழக்கமான, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சத்தத்தைக் குறைப்பது மட்டுமே நோக்கமென்றால், துணிகள் தொங்கும் மூலையும் கம்பளி விரித்த கட்டிலும் எதிரொலிப்பை நன்றாக உறிஞ்சும்.

கைத்தொலைபேசி மட்டும் இருந்தால் பங்கேற்கலாமா?

தாராளமாக. தொலைபேசியை விமானப் பயன்முறையில் வைத்து, சுருக்கப்படாத வேவ் வடிவத்தில் பதியும் செயலியைப் பாவித்து, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டாகப் பிடியுங்கள். மைக் துளை எந்த ஓரத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். விரலால் அதை மூடிக்கொண்டு பதிபவர்கள் நிறையப் பேர். ஹெட்போன் போட்டுக் கேட்காமல் பதிவை முடித்ததாக எண்ணாதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாத ஒரு நிமிடத்தைப் பதிந்து வைத்துக்கொண்டால் எடிட்டிங்கின்போது வெட்டுகளை மறைக்க உதவும்.

பேச்சுத் தமிழைத் திருத்த வேண்டுமா?

வேண்டாம். மலையகத்தவரின் பேச்சில் உள்ள தோட்டச் சொற்களும் சிங்களத்திலிருந்து வந்த சொற்களும் இழுவையும் அவருடையவை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கேட்பவருக்கு ஒரு சொல் புரியாது என்று அஞ்சினால், அந்தச் சொல் குறிக்கும் பொருளின் ஒலியை அதற்குப் பக்கத்தில் வையுங்கள். தப்பு என்ற பறையின் பெயரை அவர் சொன்னதும் அதன் அடி அதிர்ந்தால் விளக்கத்துக்கு இடமே இல்லை. திக்கல்களையும் இடைநிறுத்தங்களையும் முழுவதும் வெட்டி எடுத்துவிட்டால் யோசித்துப் பேசும் மனிதர் மனப்பாடம் ஒப்பிப்பவராகத் தோன்றுவார்.

தப்பு, தோட்டப்பாட்டு, காமன் கூத்து ஆகியவற்றைப் பதியும்போது கவனிக்க வேண்டியவை யாவை?

தப்பின் அடி மிகக் குறுகிய கணத்தில் உச்சத்துக்குப் போய்விடும். சாதாரணப் பேச்சுக்கு வைத்த அளவில் பதிந்தால் பதிவு வெடிக்கும். அளவைக் குறைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதவாறு சரிபார்த்து, நாலைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். எல்லோரும் அடிக்கும் ஒலியைத்தான் பதிகிறார்கள். அதற்கு முன் தப்பைத் தீயில் காய்ச்சுவதைப் பதியுங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன். பனியில் தோல் தளர்ந்துவிடுவதால் மலையகத்தில் தப்பை அடிக்கடி தீயில் காட்ட வேண்டியிருக்கும். சருகும் காகிதமும் படபடவென்று எரிய, கலைஞர் விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு தட்டுக்கும் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். போதும் என்று அவர் முடிவெடுக்கும் அந்தத் தட்டு காதுக்கே தெரியும். விளக்கம் எதுவும் இல்லாமல், ஒரு கலைஞரின் தேர்ச்சியை நாற்பது விநாடியில் காட்டிவிடுகிற பதிவு அது.

மாசி மாதத்தில் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்து பல நாட்கள் நீடிக்கும் ஊர்ச் சடங்கு. மன்மதன் எரிந்த பிறகு வரும் ரதியின் புலம்பலை மட்டும் பிடித்துக்கொண்டு வருவதற்காக கடைசி இரவில் போய் இறங்காதீர்கள். தொடக்கத்திலேயே ஊர்ப் பெரியவர்களிடமும் கூத்து வாத்தியாரிடமும் பேசி, எதைப் பதியலாம், எதைப் பதியக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டப்பாடல்களைத் திரட்டி எழுத்தில் பதிந்தவர்களில் முதன்மையானவர் மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. அச்சில் இருக்கும் அந்த வரிகளை இன்று ஒரு பாட்டி எப்படிப் பாடுகிறார், எங்கே மாற்றுகிறார், எங்கே மறந்து சிரிக்கிறார் என்பது ஒலியில் மட்டுமே கிடைக்கும். நாட்டார் வழக்கு யாருக்கும் சொந்தமில்லை என்று எண்ணி எடுத்துப் பயன்படுத்தவும் கூடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, பாடியவரின் பெயரைச் சொல்வதும் அவருக்கு உரிய தொகையைக் கொடுப்பதும் நம் கடமை.

மண்சரிவு போன்ற துயரங்களைச் சவாலுக்குக் கருப்பொருளாக்கலாமா?

குறுகிய காலச் சவாலுக்கு ஆக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அத்தகைய இழப்பைச் சந்தித்தவரிடம் இரண்டு நாள் கெடுவோடு மைக்கை நீட்டுவது நியாயமில்லை. அவரே பேச விரும்பினால், வேண்டிய அளவு நேரம் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு தனி நிகழ்ச்சியாகச் செய்யுங்கள். பேசி முடித்த பின்னும், இதை ஒலிபரப்ப வேண்டாம் என்று மறுநாள் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அழுகை பதிவாகியிருக்கிறது என்பது அதைப் பயன்படுத்தக் காரணமாகாது.

எடிட்டிங்கில் எங்கே தொடங்குவது?

பதிந்தவை முழுவதையும் ஒருமுறை வெட்டாமல் கேளுங்கள். அப்போது உங்கள் காது எங்கே நிமிர்கிறதோ அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சின் கருத்துக்காகத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகு. ஐந்து நிமிடத்துக்குள் மூன்று இடங்களுக்கு மேல் கேட்பவரை இழுத்துச் செல்லாதீர்கள். ஒலியின் மேல் பேச்சை எப்போதும் ஏற்றிக்கொண்டே இருப்பது வானொலிக்காரர்களின் பழக்கதோஷம். பத்து விநாடி யாரும் பேசாமல் இருக்கட்டும், நிலையத்தார் பயந்தாலும் பரவாயில்லை. முடிவில் மொத்த ஒலியளவை அளந்து பாருங்கள்: ஐரோப்பிய ஒலிபரப்பு நியமம் மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு); இணையத்துக்கு மைனஸ் 16 அளவில் வைப்பது வழக்கம்.

சமிக்ஞை சரியாகக் கிடைக்காத இடத்திலிருந்து எப்படி அனுப்புவது?

48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் அளவில் ஒற்றைத் தடப் பதிவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 மெகாபைட் பிடிக்கும். அதே நிமிடத்தை 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். சரிபார்க்க எம்பி3யை அனுப்பிவிட்டு, மூலப்பிரதியை டவுனுக்கு வரும்போது பதிவேற்றுங்கள்.

பிறருடைய படைப்பை எவ்வாறு மதிப்பிடுவது?

கண்ணை மூடி ஒருமுறை கேட்ட பிறகு, அந்த இடத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள், யாருக்குப் பக்கத்தில் நின்றீர்கள் என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். பேசியவர் தன் வாழ்வைப் பற்றித் தெரிந்தவராக ஒலிக்கிறாரா, இரங்கத்தக்கவராக மட்டும் ஒலிக்கிறாரா என்பதை அடுத்ததாகக் கவனியுங்கள். தொழில்நுட்பக் குறைகளைக் கடைசியில் பேசலாம். முடிந்தால் அந்தத் தோட்டத்தைச் சேர்ந்த இருவரையாவது மதிப்பீட்டுக்கு அழையுங்கள். தராசின் சத்தம் எந்த மடுவத்துடையது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

சவால் முடிந்தபின் மிஞ்சிய பதிவுகளை என்ன செய்வது?

அழித்துவிடாதீர்கள். திகதி, தோட்டம், டிவிஷன், பேசியவரின் பெயர், அவர் கொடுத்த சம்மதத்தின் எல்லை ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலும் ஒரு குறிப்பேட்டிலும் எழுதி, இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வையுங்கள். வீடுகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் பழைய கசெட்டுகளையும், திருமண வீட்டுப் பதிவுகளையும், வெளிநாட்டிலிருந்து வந்த குரல் கடிதங்களையும் உரியவர் சம்மதித்தால் அதே முறையில் பிரதி எடுத்துக் கொடுங்கள். பேசியவர்களுக்கு அவரவர் பதிவை மெமரி கார்டிலோ வட்ஸ்அப்பிலோ கொண்டுபோய்ச் சேருங்கள். வெட்டித் தொகுத்த ஐந்து நிமிடத்தோடு, அவர் பேசிய முழுப் பதிவும் அதில் இருக்க வேண்டும்.